வேடங்களின் வாரம்: திருப்பதி கங்கம்மா ஜாத்திரை

திருப்பதி என்றதும் நம்மில் பெரும்பாலோர் மலையைத்தான் நினைக்கிறோம். மலையடிவாரத்து ஊருக்கென்று தனியே ஒரு தெருத் திருவிழா உண்டு. மே மாதத்தில் ஒரு வாரம் நடைபெறும் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை அது. கங்கம்மா வேங்கடவனின் தங்கை என்பது ஊரார் நம்பிக்கை. தங்கைக்கு அண்ணன் வீட்டுச் சீராக, திருமலை தேவஸ்தானத்திலிருந்து ஆண்டுதோறும் புடவையும் மஞ்சள் குங்குமமும் வருகின்றன.

முதன்முறை காண்போர், புடவை உடுத்தி, பின்னலிட்டு, வளையல் குலுங்க நடந்து வரும் ஆண்களைக் கண்டு சிரித்துவிடுவதுண்டு. இதன் பின்னுள்ள கதையை அறிந்தால் சிரிப்பு வராது. முன்னொரு காலத்தில் இவ்வட்டாரத்தை ஆண்ட பாளையக்காரன் ஒருவன் பெண்களிடம் முறைகேடாக நடந்துவந்தான். அருகிலுள்ள அவிலாலாவில் பிறந்து, கைகால குடும்பத்தில் வளர்ந்த கங்கம்மா மீதும் அவன் கண் பட்டது. அவள் வாளெடுத்ததும் அவன் ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் நாளொரு வேடம் பூண்டாள். தேடலின் ஒவ்வொரு நாளையும் ஊர் ஆண்கள் தம் உடம்பில் ஏற்றுக்கொள்வதே ஜாத்திரை.

செவ்வாய் இரவு ஊர் எல்லையில் 'சாட்டிம்பு' எனும் அறிவிப்பு நிகழும். அதன்பின் உள்ளூரார் ஜாத்திரை முடியும்வரை ஊரைவிட்டு வெளியேறலாகாது என்பது மரபு. (எங்கள் கிளையில் அந்த வாரம் வெளியூர்ப் பணிக்கு எவரையும் அனுப்ப நினைப்பது வீண்.) புதனன்று உடலெங்கும் வெண்ணிற நாமக்கட்டி பூசிய பைராகி வேடம், வியாழனன்று குங்குமம் பூசிய பண்ட வேடம், வெள்ளியன்று கரி பூசிய தோட்டி வேடம், சனிக்கிழமை சந்தனம் பூசிய தொர வேடம். தொர என்றால் துரை. தன்னைப் போன்ற பெரிய மனிதர் ஒருவர் வந்திருக்கிறார் என்று நம்பிப் பாளையக்காரன் வெளியே வர, அவன் தலை உருண்டது. அதையடுத்து மாதங்கி வேடம்.

இடைநாட்களில் வேடமிட்டோர் எதிர்ப்படுவோரை வாய்க்கு வந்தபடி ஏசுவர். ஒளிந்திருப்பவனைச் சீண்டி வெளியே இழுப்பதற்கான வசவு அது, எவரும் கோபித்துக்கொள்வதில்லை. நாள்தோறும் கைகட்டி நின்று பணம் செலுத்திப் போகும் வியாபாரி ஒருவர், கரி பூசிய முகத்துடன் நடுத்தெருவில் எங்களை ஏசியதைக் கேட்டிருக்கிறோம். திங்களன்று வழக்கம்போல் வணக்கத்துடன் வந்தார். நாங்களும் எதுவும் கேட்கவில்லை. கேட்பது முறையும் அன்று.

பெண் வேடம் பெரும்பாலும் நேர்த்திக்கடன். நோயுற்ற சிறுவனுக்காகத் தாய் வேண்டிக்கொள்ள, வளர்ந்தபின் அவன் புடவை உடுத்துகிறான். இத்திருவிழாவை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியை ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், 2013-இல் வெளியிட்ட நூலுக்கு 'உலகம் பெண்ணாகும்போது' எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். பெண்ணைத் துன்புறுத்தியவனின் கதையை நினைவுகூர ஆண்களே பெண்ணாகி நிற்க வேண்டும் என்று ஓர் ஊர் விதித்துக்கொண்டிருப்பது, எங்கள் கருத்தில், சட்டப் புத்தகங்கள் எட்டாத இடத்தை எட்டுகிறது.

சித்தூரிலும் மே மாதத்தில் நடுவீதி கங்கம்மா ஜாத்திரை உண்டு. பெயருக்கேற்ப அம்மன் கடைவீதிக்கே வந்து அமர்கிறாள். வேலூரிலிருந்து பேருந்தில் சென்று காண்பது எளிது. செல்வோர் நகைகளைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, சில்லறை நோட்டுகளுடன் செல்லுங்கள். தெருக்கடைகளில் நெரிசல் நேரத்தில் கைப்பேசிப் பரிவர்த்தனை தடைபடலாம். வேடமிட்டவரைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் இதற்கு உறவுமுறையான தெருவிழா ஒன்று உண்டு. நியேபி எனும் மௌன நாளுக்கு முந்தைய மாலை, 'ஓகோ-ஓகோ' எனப்படும் பெரும் பூத உருவங்களைத் தெருத்தெருவாகச் சுமந்து சென்று, பின்னர் பெரும்பாலும் எரித்துவிடுகின்றனர். மறுநாள் தீவே அடங்கிக் கிடக்கும்.

திருப்பதியிலும் முடிவு அப்படித்தான். நிறைவு இரவில் கோயில் முன் களிமண்ணால் அம்மனின் பேருருவ முகத்தை வனைகின்றனர். விடியலில் சற்று நேரமே தரிசனம். பின்னர் அம்முகம் கலைக்கப்படுகிறது. அந்த மண்ணில் ஒரு பிடி பெற, இரவெல்லாம் விழித்திருந்த கூட்டம் கை நீட்டுகிறது.