கூரையுள்ள நீர்: குகை முக்குளிப்பு கற்பித்த காப்பு நெறிகள்

கோச்சடையைச் சுற்றிய மதுரைச் சமவெளியின் அடித்தளம் கடினப் பாறையாதலால், சுண்ணாம்புக்கல் கரைந்து உருவாகும் நீண்ட நீர்க்குகைகள் இங்கு இல்லை. எனினும் அத்தகைய குகையின் ஆபத்து இந்தியாவிலும் நேர்ந்துள்ளது. மேகாலயத்தின் கிழக்கு ஜெயின்டியா மலை மாவட்டத்தில், க்சான் என்னுமிடத்து நிலக்கரிச் சுரங்கத்தில் 2018 டிசம்பர் 13 அன்று வெள்ளம் புகுந்து பதினைந்து தொழிலாளர்கள் சிக்கினர். அது எலிவளைச் சுரங்கம். அதாவது ஆழமான குழியின் அடியிலிருந்து, ஆள் தவழ்ந்தே செல்லக்கூடிய பக்கவழிகள் பிரியும் அமைப்பு.

கடலில் மூழ்குபவர் இடர் நேர்ந்தால் பெரும்பாலும் நேர்மேலே எழுந்துவிடலாம். தலைக்கு மேல் பாறை இருக்குமிடத்திலோ புகுந்த வழியே திரும்பியாக வேண்டும் என்பதால், கடற்பயிற்சி எவ்வளவு இருந்தாலும் அங்கே அது போதாது. அதே ஆண்டு ஜூலை 6 அன்று, தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய சிறுவர்களுக்காகக் காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் வழியிலேயே உயிரிழந்தார்.

குகை முக்குளிப்பின் நெறிகள் இத்தகைய மரணங்களை ஆராய்ந்தே வகுக்கப்பட்டன. ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கர் 1979இல் வெளியிட்ட சிறுநூல், வெளிவாயிலிலிருந்து அறுபடாது செல்லும் வழிக்கயிறு, காற்றுப் பங்கீடு, ஆழ வரம்பு ஆகியவற்றை வற்புறுத்தியது. காலால் கிளறப்பட்ட வண்டல் நொடிகளில் பார்வையை மறைத்துவிடும்போது விளக்கும் பயனற்றுப்போக, கையில் தட்டுப்படும் கயிறு ஒன்றே வழி காட்டும். காற்றில் மூன்றிலொரு பங்கு உட்செல்ல, மூன்றிலொன்று திரும்ப, எஞ்சியது இருப்பு என்பது பங்கீட்டு விதி. இது தாராளமாகத் தோன்றினாலும் உண்மையில் இறுக்கமான கணக்கே: மிகத் தொலைவான புள்ளியில் துணைவரின் காற்று முற்றிலும் தீர்ந்தால், இருவர் வெளியேற அந்த இரு பங்குகளும் சரியாகப் போய்விடும், அச்சத்தில் மூச்சு விரைந்தால் அதுவும் பற்றாது. ஆகவே திரும்பும் அளவை நீருள் இறங்குமுன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

க்சானில் சுமார் 370 அடி ஆழக் குழிக்கு வந்த கடற்படை முக்குளிப்போர், பக்கவழிகளுக்குள் நுழையாமல், தொலைவிலிருந்து இயக்கப்படும் நீரடிக் கருவியை அனுப்பித் தேடினர். ஜனவரியில் அதுவே ஓர் உடலைக் கண்டது. மீட்கப்பட்டவை இரண்டு உடல்கள் மட்டுமே. மீட்புப் பணியின் போக்கில் உச்ச நீதிமன்றமே அதிருப்தி தெரிவித்தது, அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் வளைக்குள் ஆள் நுழையாத முடிவைக் கோழைத்தனம் என்பது பொருந்தாது; நீரை இறைக்காமல் அங்கே ஆளை அனுப்பியிருந்தால் இறந்தோர் எண்ணிக்கையே கூடியிருக்கும்.

மேலூர்ப் பக்கத்துக் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகளில் வானம் திறந்திருப்பதால் காற்றுக் கணக்கு பொருந்தாது. ஆனால் செங்குத்தாக அறுத்த சுவரில் பிடித்தேற எதுவுமில்லாத அந்நீரில் இறங்குவோருக்கு, கரையில் ஒருவர் பிடித்த கயிறு முழுமையாகப் பொருந்தும்.