குழந்தை நல நல்கை விண்ணப்பம்

குழந்தை நல நல்கை விண்ணப்பம் என்பது குழந்தைகளின் கல்வி, உடல்நலம், பாதுகாப்பு முதலியவற்றுக்காக இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பொன்று, தன் திட்டத்துக்குப் பொருளுதவி வேண்டி அறக்கட்டளை ஒன்றுக்கு அளிக்கும் எழுத்து வேண்டுகோள் ஆகும். நல்கை கடன் அன்று. திருப்பித் தர வேண்டியதில்லை. எனினும் கணக்கும் அறிக்கையும் தர வேண்டும்.

இத்துறையில் பெயர்பெற்ற டபிள்யூ. கே. கெல்லாக் அறக்கட்டளை, காலையுணவுத் தானியத் தயாரிப்பாளர் வில் கீத் கெல்லாக் என்பவரால் 1930 இல் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நிறுவப்பட்டது. 2004 இல் இது வெளியிட்ட கையேடு ஒன்று, திட்டத்தை வளங்கள், செயற்பாடுகள், வெளியீடுகள், விளைவுகள், தாக்கம் என்ற வரிசையில் வரைந்து காட்டச் சொல்கிறது.

இவற்றுள் வெளியீட்டையும் விளைவையும் ஒன்றெனக் கொள்வதே பொதுவான பிழை. எடுத்துக்காட்டாக, 200 சிறுவருக்கு வாசிப்பு வகுப்பு நடத்துவது வெளியீடு. அவர்களுள் எத்தனை பேர் ஆண்டிறுதியில் தம் பாடநூலைத் தாமே வாசிக்கின்றனர் என்பதே விளைவு. இதைக் காட்ட, வகுப்பு தொடங்குமுன்பே அவர்களது வாசிப்புத் திறனை அளந்து வைத்திருத்தல் வேண்டும். முடிவில் மட்டும் அளந்து பயனில்லை.

பயிற்றுநரின் ஊதியம் நின்றால் வகுப்பும் நின்றுவிடும். ஆதலால் நல்கைக் காலம் முடிந்தபின் அப்பணம் எங்கிருந்து வரும் என்பதையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுவது வழக்கம்.