சீனத்தில் ஒரு நிறைமதித் திருவிழா

சீனத்தின் பழைய வரலாற்றைப் பேசும்போது, அந்நாட்டிலிருந்து வெளியே சென்ற யாத்திரிகர்களே முதலில் நினைவுக்கு வருவர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த பாகியான் ஈராண்டுகள் இங்குத் தங்கினார். அனுராதபுரத்து அபயகிரி விகாரையில், புத்தர் சிலையின் முன் வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த சீனத்துப் பட்டு விசிறியைக் கண்டு அவர் கண்ணீர் உகுத்தார். பல்லாண்டுகள் தாய்நாட்டைப் பிரிந்திருந்தவரை ஒரு சிறு விசிறி அழ வைத்தது.

இனி, சீனத்துக்குள் வந்த அயல்நாட்டார் அங்கே கண்டவையும் கேட்டவையும் யாவை? இவ்வினாவுக்கு விடை தரும் நூல்களுள் சிறந்ததொன்று, என்னின் என்னும் யப்பானியப் பிக்கு எழுதிய தினக்குறிப்பாகும். 838ஆம் ஆண்டு யப்பானிய அரசின் தூதுக் குழுவுடன் கடல் கடந்து சென்ற அவர், 847ஆம் ஆண்டிலேயே தாயகம் மீண்டார். இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றைச் சீன மொழியில் நான்கு சுருள்களாக எழுதி வைத்தார். சீனத்தில் அப்போது தாங் வமிசத்தார் ஆட்சி நடைபெற்றது.

முதலில் அவர் தங்கிய பெருநகரம் யாங்சௌ. ஆண்டின் இறுதி நாளன்று மாலையில் துறவியரும் இல்லறத்தாரும் காகிதப் பணத்தைத் தீயிலிட்டதையும், நள்ளிரவு கடந்தபின் வீடுகள்தோறும் மூங்கிலை எரித்து வெடிக்கச் செய்து வாழ்த்தொலி எழுப்பியதையும் அவர் குறித்துள்ளார். மூங்கிலின் கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்றுச் சூடேறி விரிந்து, மூங்கிலைப் பிளந்து பேரொலி எழுப்பும். வெடிமருந்து வழக்குக்கு வருமுன்னர் சீனர் அறிந்திருந்த வெடி இதுவே. அதே குறிப்பில், தெருக்கடைகளில் நூறு வகை உணவுகள் வழக்கத்துக்கு மாறாக நிரம்பிக் கிடந்தன என்றும் எழுதினார். பதினைந்து நாள் சென்றபின் விளக்குத் திருவிழா வந்தது. மூன்று இரவுகள் நகரெங்கும் தீபங்கள் எரிந்தன. ஒரு விகாரையில், ஏறத்தாழ ஓராயிரம் விளக்குகளைத் தூபி வடிவாகக் கட்டிய மூங்கில் மரத்தில் ஏற்றியிருந்தனர்.

ஆயினும், இசையும் உணவும் ஒருங்கே அமைந்த விழாவை என்னின் கண்ட இடம் பெருநகரம் அன்று. சாந்துங் தீபகற்பத்தின் கடற்கரையை அடுத்த சிசான் என்னும் மலைச் சாரல். கொரியாவின் சில்லா இராச்சியத்தைச் சேர்ந்த மக்கள் அக்கரையோரத்தில் குடியேறி வாழ்ந்தனர். கடல் வணிகத்தில் பெயர் பெற்ற சாங் போகோ என்னும் கொரியத் தலைவன் அவர்களுக்காக அங்கே ஒரு விகாரையை எழுப்பியிருந்தான். யப்பானியத் தூதுக் குழு நாடு திரும்பியபோது, கற்க வேண்டியவற்றைக் கல்லாது மீள விரும்பாத என்னின் பின்தங்கி, 839ஆம் ஆண்டு அவ்விகாரையில் அடைக்கலம் புகுந்தார்.

அவ்வாண்டு எட்டாம் மாதத்து நிறைமதி நாளில் விகாரையில் விழாத் தொடங்கியது. கோதுமை மாவைப் பிசைந்து துண்டுகளாக்கிக் கொதிநீரில் வேகவைத்த உணவும், பலவகை மாப் பண்டங்களும் படைக்கப்பட்டன. பாட்டும் ஆட்டமும், குழலும் யாழ்வகைக் கருவிகளும் பகலோடு இரவாக மூன்று நாட்கள் ஒலித்தன. இவ்விழா வேறெந்த நாட்டிலும் இல்லை, சில்லாவுக்கே உரியது என்று முதிய பிக்குகள் அவருக்கு விளக்கினர். முன்னொரு காலத்தில் பகைவரைப் போரில் வென்ற நாள் அது என்பது அவர்கள் கூறிய காரணம். தாய்நாட்டின் நினைவால் அதனை இங்கே கொண்டாடுவதாகவும் என்னின் எழுதியுள்ளார்.

சீன மண்ணில் கொரியர் நடத்திய விழாவை யப்பானியர் ஒருவர் சீன மொழியில் எழுதி வைத்தார். கொரிய மக்கள் எட்டாம் மாத நிறைமதியை இன்றும் பெருவிழாவாகக் கொண்டாடுகின்றனர். அவ்விழாவின் பழமைக்கு இக்குறிப்பு ஒரு சான்றாக நிற்கிறது.

அயலாரின் கலையும் உணவும் சீனத்தில் வேரூன்றிய வகைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. ஏழாம் நூற்றாண்டுத் தாங் அரசவையில் இசை பத்துப் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை சமர்க்கந்து, புகாரா, குச்சா, கொரியா முதலிய பிற நாடுகளின் இசையாகும். சீனத்துக்கே உரியதென இன்று கருதப்படும் பீப்பா என்னும் நரம்புக் கருவியின் முன்னோடியும் மேற்கிலிருந்து வந்ததே. உணவும் அவ்வாறே. 841ஆம் ஆண்டு தலைநகராகிய சாங்கானில் என்னின் தங்கியிருந்தபோது, இளவேனில் தொடக்க நாளில் விகாரைக்கு அரச கொடையாகக் ‘கூ ரொட்டி’ வந்தது. ‘கூ’ என்பது மத்திய ஆசியா முதலான மேற்றிசை நாட்டாரைச் சீனர் அழைத்த பெயர். அடுப்பிற் சுட்ட இந்த ரொட்டியை அக்காலத்தில் வீடுகள்தோறும் மக்கள் உண்டனர் என்று அவர் குறித்தார்.

அந்த ரொட்டியை அனுப்பிய அரசனே, நான்கு ஆண்டுகளின் பின் பிக்குகளை விகாரைகளிலிருந்து வெளியேற்றினான். ஊ சுங் என்னும் அப்பேரரசன் தாவோ சமயத்தில் ஈடுபட்டவன். விகாரைகளின் வரியற்ற நிலங்களும், சிலைகளிலும் மணிகளிலும் அடங்கிய செம்பும் அரசுக்குத் தேவைப்பட்டன. பௌத்தம் அயல்நாட்டுச் சமயம் என்பதும் ஒரு குற்றமாகச் சாற்றப்பட்டது. 845ஆம் ஆண்டு 4,600க்கு மேற்பட்ட விகாரைகள் மூடப்பட்டன. 260,500 துறவியர் இல்லறத்துக்குத் திருப்பப்பட்டனர் என்பது அரசின் கணக்கு. அயலாரின் ரொட்டியையும் இசையையும் எவரும் விலக்கவில்லை. அயலாரின் சமயம் விலக்கப்பட்டது. என்னினும் காவியைக் களைந்து, இல்லறத்தார் உடையில் நாட்டைவிட்டு நீங்குமாறு பணிக்கப்பட்டார்.

அவர் மீண்டும் சிசானை அடைந்தபோது, மூன்று நாள் இசை ஒலித்த அந்த விகாரை ஆணைப்படி இடிக்கப்பட்டிருந்தது. எனினும், விழாவெடுத்த மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். விகாரைக்குரிய பண்ணை வீட்டில் அவருக்கு இடமளித்தனர். 847ஆம் ஆண்டு சில்லா நாட்டுக் கப்பலிலேயே அவர் யப்பான் சேர்ந்தார். சமய நூல்களையும், சீனத்திற் கற்ற பாராயண இசை முறையையும் அவர் உடன் கொண்டு சென்றார். யப்பானிய பௌத்த இசை மரபில் அவர் பெயர் இன்றும் போற்றப்படுகிறது. 

அவருடைய தினக்குறிப்பை 1291ஆம் ஆண்டில் ஒரு முதிய பிக்கு பெயர்த்தெழுதினார். நமக்குக் கிடைத்துள்ள பழைய படி அதுவே. 1955ஆம் ஆண்டு எட்வின் றைசவர் என்னும் அறிஞர் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சிசான் விகாரையும் மீண்டும் கட்டப்பட்டது. விகாரை இருந்த இடத்தையும் அங்கே நடந்த விழாவையும் பிற்காலத்தார் அறிவதற்கு, அடைக்கலம் தேடி வந்த ஓர் அயல்நாட்டார் தாம் பெற்ற விருந்தை மறவாது எழுதி வைத்தமையே துணையாயிற்று.