சாரா நிகழ்ச்சிகளும் பெருக்கல் விதியும்

நிகழ்தகவுக் கணிதத்தைக் கற்கப் புகும் மாணவர் முதன்முதற் பெறும் கருவிகளுள் ஒன்று பெருக்கல் விதி. நாணயமொன்றைச் சுண்டினால் தலை விழுதற்குரிய நிகழ்தகவு 1/2. இருமுறை சுண்டின், இருமுறையும் தலை விழுதற்குரிய நிகழ்தகவு 1/2 × 1/2, அஃதாவது 1/4. விதி எளிது, எளிதாதலினாலேயே அதன் அடியில் நிற்கும் நிபந்தனையை நாம் மறந்துவிடுகின்றோம்.

ஒன்று நிகழ்ந்தது என்னும் செய்தி மற்றையதன் நிகழ்தகவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதாயின், அவை சாரா நிகழ்ச்சிகள் எனப்படும். அவற்றின் நிகழ்தகவுகளை மாத்திரமே இங்ஙனம் நேரே பெருக்கலாம். 1933ஆம் ஆண்டில் நிகழ்தகவுக் கொள்கையை வெளிப்படையுண்மைகளின்மேல் நிறுவிய உருசிய அறிஞர் கொல்மொகோரொவ், இச்சாராமைக் கருத்தையே இக்கலையின் தனிச்சிறப்பாகக் கருதினார்.

சாராமை கண்ணுக்குப் புலப்படுவதன்று. தாயக்கட்டை ஒன்றை ஒருமுறை உருட்டுவோம். இரட்டை எண் விழுதற்கு நிகழ்தகவு 1/2. நான்கோ அதற்குக் குறைந்த எண்ணோ விழுதற்கு 2/3. இரண்டும் ஒருங்கே பொருந்துவன 2, 4 என்பன, நிகழ்தகவு 1/3. இது முன்னைய இரண்டின் பெருக்கமேயாதலின், ஒரே உருட்டலைப் பற்றியனவாயினும் அவை சாராதவை. நான்குக்குப் பதிலாக மூன்றை எல்லையாகக் கொள்வோமாயின், பொருந்துவது 2 ஒன்றே, நிகழ்தகவு 1/6. பெருக்கமோ 1/4. எனவே சாராமை அழிந்துவிடுகின்றது.

இதனை மறந்தமையால் விளைந்த கேடு ஒன்றைக் கூறுவோம். 1999ஆம் ஆண்டு இங்கிலாந்தில், தம் இரு கைக்குழந்தைகளையும் கொன்றதாகத் தாயொருவர்மீது வழக்கு நடந்தது. அவரது போன்ற குடும்பத்திற் குழந்தையொன்று காரணம் புலப்படாது திடீரென இறத்தற்கு நிகழ்தகவு 8,543இல் 1 எனக் கொண்ட மருத்துவ வல்லுநர் ஒருவர், அதனை அதனாலேயே பெருக்கி, இரு குழந்தைகள் அவ்வாறு இறத்தற்கு ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் 1 என்றார். தாய்க்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. ஆனால் உடன்பிறந்தார் இருவர் மரபையும் இல்லச் சூழலையும் பகிர்ந்துகொள்பவரல்லரோ? ஒரு குழந்தை அங்ஙனம் இறந்த இல்லத்தில் மற்றையதற்கும் ஆபத்து மிகுதல் கூடும். அப்பெருக்கலுக்கு ஆதாரமில்லை என அந்நாட்டு அரச புள்ளிவிபரவியற் கழகம் 2001இல் வெளிப்படையாக அறிவித்தது. 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. வெளியிடப்படாதிருந்த மருத்துவச் சோதனை முடிவுகளே அதற்கு முதற்காரணமாயினும், அவ்வெண் முன்வைக்கப்பட்ட முறையையும் மன்று கண்டித்தது. விடுதலை பெற்ற அத்தாயார் 2007இல் இறந்தார்.

வல்லுநர் செய்த பெருக்கலில் எண்பிழை யாதுமில்லை, பெருக்கியதே பிழை. ஆதலின் பெருக்கற் குறியை இடுமுன், 'இவை உண்மையிற் சாராதனவா?' என வினவும் வழக்கத்தை நம் மாணவர் மேற்கொள்வாராக.