நாளை முதல் ஓடலாமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டாயிற்று. "நாளை முதல் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடப் போகிறேன்" என்று வீட்டில் எல்லோரும் கேட்கும்படி அறிவித்து விடுகிறீர்கள். முதல் நாள் கடிகார மணி அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. மைதானத்தை ஐந்து சுற்று ஓடிவிட்டு, வியர்வை வழிய வாசலில் வந்து நிற்கும்போது பெருமை தாங்கவில்லை. இரண்டாம் நாள் கெண்டைக்கால் வலிக்கிறது, ஆனாலும் ஓடுகிறீர்கள். மூன்றாம் நாள் மாடிப்படி இறங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. நான்காம் நாள் நல்ல பனி. போர்வை கதகதப்பாக இருக்கிறது. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று புரண்டு படுக்கிறீர்கள். அந்த 'நாளை' பிறகு வருவதே இல்லை.

இதற்கு வீட்டில் கிடைக்கும் பட்டம் 'சோம்பேறி'. நாளடைவில் நாமும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறோம். "எனக்கு மனவுறுதி போதாது, உடற்பயிற்சியெல்லாம் எனக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த முடிவு சரியானதுதானா? அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மாடிப் பேருந்தில் ஓர் ஆராய்ச்சி

சுமார் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு லண்டன் நகரில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒரு கேள்விக்கு விடை தேடினார். அக்காலத்தில் மாரடைப்பு நோய் அதிகரித்துக்கொண்டே வந்தது. அது யாருக்கு அதிகமாக வருகிறது, ஏன் வருகிறது என்பதுதான் கேள்வி.

அவர் லண்டன் போக்குவரத்து ஊழியர்களைக் கவனித்தார். அந்நகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர், நடத்துநர் என இருவர் இருப்பார்கள். ஓட்டுநர் வேலை நேரம் முழுவதும் ஏறக்குறைய உட்கார்ந்தே இருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காகக் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு நாளில் அவர் ஏறும் படிகள் ஏறத்தாழ 600! இருவரும் ஒரே பேருந்தில், ஒரே நகரப் புகையைச் சுவாசித்து வேலை செய்பவர்கள். ஆனாலும் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் சற்று வயதான பின்பே வந்தது. இந்த முடிவு 1953ஆம் ஆண்டு வெளியாயிற்று.

"பருமனாக இருப்பவர்கள் முதலிலேயே ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி! மோரிசும் அவருடைய தோழர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டனர். ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவைப் பதிவேடுகளிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் இடுப்பளவு உண்மையிலேயே சற்று அதிகமாக இருந்தது. எனவே வேறு தொழில்களில் இருப்பவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். உடலை இயக்குவது இதயத்துக்கு நல்லது என்ற முடிவு மேலும் வலுப்பெற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. அந்த நடத்துநர்கள் எவரும் "இன்று உடற்பயிற்சி செய்ய வேண்டும்" என்று உறுதி பூண்டு படியேறவில்லை. அவர்களுக்கு யாரும் ஊக்கம் ஊட்டவும் இல்லை. மேல்தளத்தில் பயணி ஏறினார், அவர்களும் ஏறினார்கள். அவ்வளவுதான். வேலையே அவர்களை இயங்க வைத்தது.

நம் பாட்டிமாரின் கதையும் இதுதான். கிணற்றில் நீர் இறைத்தார்கள். ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தார்கள். இன்று பொத்தானை அழுத்தினால் தண்ணீர் மேலே ஏறுகிறது, மாவு அரைபடுகிறது. இது நல்லதுதான். ஆனால் உடலை இயக்க வைத்த ஏற்பாடு மறைந்துவிட்டது. அதன் இடத்தில் புதிய ஏற்பாடு ஒன்றை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அறிவுரை மட்டும் போதுமா?

"உடற்பயிற்சியின் நன்மைகளை எடுத்துச் சொன்னால் எல்லோரும் செய்வார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். இது உண்மையா என்று பிரிட்டனில் ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான இந்தச் சோதனையில் 248 கல்லூரி மாணவர்கள் கலந்துகொண்டனர். அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்.

முதல் குழுவினருக்கு உடற்பயிற்சி பற்றி எதுவும் சொல்லப்படவில்லை. இரண்டாம் குழுவினர் இதயநோய் பற்றியும் அதைத் தடுப்பதில் உடற்பயிற்சியின் பங்கு பற்றியும் படித்தனர். மூன்றாம் குழுவினர் அதையும் படித்தனர். கூடவே ஒரு சிறு வேலையும் செய்தனர். "அடுத்த வாரம் இந்த நாளில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் 20 நிமிடம் பயிற்சி செய்வேன்" என்று எழுதினர்.

அடுத்த வாரம் சொன்னபடி பயிற்சி செய்தவர்கள் எத்தனை பேர்? முதல் குழுவில் 100க்கு 38 பேர். நன்மைகளைப் படித்த இரண்டாம் குழுவில் 100க்கு 35 பேர். நாளும் நேரமும் இடமும் எழுதிய மூன்றாம் குழுவில் 100க்கு 91 பேர்!

இரண்டாம் குழுவினருக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்ற எண்ணம் கூடத்தான் செய்தது. ஆனால் எண்ணம் செயலாக மாறவில்லை. இது ஒரு வாரத்தில் நடந்த சோதனை என்பதையும் மறக்கக் கூடாது. பின்னர் நடந்த பல சோதனைகளில் வேறுபாடு இந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. ஆனாலும் எப்போது, எங்கே என்று முன்கூட்டியே தீர்மானிப்பது பயன் தருகிறது என்பதையே அவையும் காட்டின.

காரணம் என்ன? "இன்று ஓடலாமா, வேண்டாமா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டால் ஒவ்வொரு நாளும் மனத்துக்குள் ஒரு வழக்கு நடக்கும். அந்த வழக்கில் போர்வைதான் பெரும்பாலும் வெற்றி பெறும்! ஏனெனில் போர்வையின் சுகம் இப்போதே கிடைக்கிறது. பயிற்சியின் பலனோ எங்கோ தொலைவில் இருக்கிறது. தொலைவில் உள்ள பெரிய பலனைவிடக் கைக்கெட்டும் சிறிய சுகத்தை நாடுவது மனித இயல்பு. நேரத்தையும் இடத்தையும் முன்பே முடிவு செய்துவிட்டால் வழக்குக்கே இடமில்லை. பல் துலக்க யாருக்காவது ஊக்கம் தேவைப்படுகிறதா? எழுந்ததும் கை தானாகவே பல்துலக்கியைத் தேடுகிறது அல்லவா?

பழக்கமாக எத்தனை நாள்?

எதையும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விடாமல் செய்ய வேண்டும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற எவ்வளவு காலம் ஆகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். 96 பேர் தாங்கள் விரும்பிய ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, 12 வாரங்கள் தினமும் ஒரே வேளையில் செய்துவந்தார்கள். சிலர் சாப்பாட்டோடு பழம் உண்டார்கள்; சிலர் தண்ணீர் அருந்தினார்கள்; சிலர் ஓடினார்கள்.

முடிவு வியப்பானது. ஆளுக்கு ஆள் மிகுந்த வேறுபாடு காணப்பட்டது. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிடப்பட்டது. நடுத்தர அளவு 66 நாள். ஆக, உங்கள் தோழிக்கு மூன்று வாரத்தில் பழகிவிட்டது, உங்களுக்கு இரண்டு மாதமாகியும் பழகவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் கிடைத்தது. இடையில் ஒரு நாள் தவறிப்போவதால் பழக்கம் உருவாவது தடைபடவில்லை. காய்ச்சலோ, ஊர்ப்பயணமோ வந்து ஒரு நாள் விட்டுப்போனால் "எல்லாம் போயிற்று" என்று கைவிட வேண்டியதில்லை. மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

மூன்றாம் நாள் வந்த கால் வலிக்கு வருவோம். இது தசையில் லாக்டிக் அமிலம் தங்கிவிடுவதால் வருகிறது என்று முன்பு கருதினார்கள். ஆனால் ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்துக்குள் அந்த அமிலம் நீங்கிவிடுகிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சமடையும் வலிக்குக் காரணம், பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் மிக நுண்ணிய சிதைவுகளும் அவற்றைச் சீர் செய்யும் பணியுமே ஆகும். சீரான தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு வலிப்பதில்லை. முதல் நாளே ஐந்து சுற்று ஓடாமல் ஒரு சுற்று ஓடியிருந்தால் இந்த வலியில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

முதல் சில வாரங்களில் கண்ணாடியில் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். தசை பருப்பதற்கு முன்பே, அதை இயக்கும் நரம்புகள் திறமையாக வேலை செய்யக் கற்றுக்கொள்கின்றன. தசைச் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. 1967இல் அமெரிக்க அறிவியலாளர் ஜான் ஹாலோசி எலிகளை ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்து, அவற்றின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியாக்களின் செயல்திறன் ஏறத்தாழ இரு மடங்காவதைக் காட்டினார். இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக இரத்தத்தை அனுப்புகிறது. ஆகவே ஓய்வு நேரத்தில் குறைவாகத் துடித்தாலே போதும். நிமிடத்துக்கு 10 துடிப்புகள் குறைந்தால் ஒரு நாளில் 14,400 துடிப்புகள் மிச்சம்!

இயங்காமல் இருந்தால் என்ன ஆகும்? 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்தார்கள். அவர்களுடைய உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. பிறகு பயிற்சி கொடுத்தபோது அது மீண்டும் உயர்ந்தது. அதாவது, உடல் நாம் கேட்பதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது.

எனவே உடற்பயிற்சியில் முதலில் செலவு, பிறகுதான் வரவு. வரவு வரத் தொடங்கும் முன்பே பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள். அந்த முதல் சில வாரங்களைக் கடக்கத்தான் நமக்கு ஏற்பாடு தேவை.

ஏற்பாடு எல்லோருக்கும் உண்டா?

உங்கள் வயதினர் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 2016ஆம் ஆண்டு உலகெங்கும் 100க்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. சிறுவர்களில் 78 பேர். சிறுமிகளில் 85 பேர். சிறுமிகளுக்கு மனவுறுதி குறைவு என்று இதற்குப் பொருளா? இல்லை. பள்ளி விட்டதும் மைதானத்துக்குப் போவது யார், வீட்டு வேலைக்குப் போவது யார் என்று எண்ணிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு வகுப்பு எந்தப் பாடமாக மாறிவிடுகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். நேரமும் இடமும் கொடுக்காமல் "சோம்பேறி" என்று சொல்வது நியாயமாகுமா?

செய்து பாருங்கள்

கையில் கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும். சுமார் ஓர் அடி உயரமுள்ள உறுதியான படியைத் தேர்ந்தெடுங்கள். இரு கால்களையும் வைத்து ஏறி, இரு கால்களையும் வைத்து இறங்குவது ஒரு முறை. நிமிடத்துக்கு 24 முறை வீதம் மூன்று நிமிடம் ஏறி இறங்குங்கள். நண்பர் ஒருவர் எண்ணிச் சொல்லட்டும். முடித்தவுடன் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். (இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். தலைசுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.)

இனி நாள்தோறும் செய்யப்போகும் பயிற்சியைத் தீர்மானியுங்கள். அது சிறியதாகவே இருக்கட்டும். வேக நடையோ, கயிறு தாண்டுதலோ, சடுகுடுவோ உங்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும். ஏற்கனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு அதை முடிச்சுப் போடுங்கள். நண்பரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வாசலில் ஒருவர் காத்திருக்கும்போது போர்வைக்குள் எப்படிப் படுத்திருப்பது?

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் படிச் சோதனையைத் திரும்பச் செய்து, வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். தூக்கம், வெயில், சளி இவற்றால் எண் கூடிக் குறையும். ஆனால் சில வாரங்களில் கோடு மெல்லக் கீழே சாய்வதைக் காணலாம். கண்ணாடி காட்டாத மாற்றத்தை அந்தக் கோடு காட்டும்.

இப்போது நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறங்கள். "நாளை முதல் ஓடுவேன்" என்று எழுத வேண்டாம். "காலையில் பால் வாங்கி வந்ததும், மொட்டை மாடியில், பத்து நிமிடம்" என்று எழுதுங்கள். ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் தொடங்குங்கள்; ஊக்கம் பின்னாலேயே வந்து சேரும்.