நீங்க விழுந்துட்டீங்களா?

கைக்கடிகாரம் என்பது ஒரு காலத்தில் ரொம்ப சாதுவான ஜீவன். காலையில் சாவி கொடுத்தால் போதும், தானுண்டு தன் முள்ளுண்டு என்று ஓடிக்கொண்டிருக்கும். மாமனார் போட்ட எச்.எம்.டி. அதிகபட்சம் செய்த துரோகம், பத்து நிமிஷம் லேட்டாக ஓடி மாப்பிள்ளைக்கு பீச் ஸ்டேஷன் வண்டியைத் தவறவிட்டதுதான்!

இன்றைக்கு மணிக்கட்டில் உட்கார்ந்திருப்பது வாட்ச் இல்லை சார், மாமியார்! எத்தனை அடி நடந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், நெஞ்சு ஏன் இப்படிப் படபடக்கிறது (பக்கத்து சீட்டைப் பார்த்தாயா?) என்று சகலத்துக்கும் கணக்குக் கேட்கிறது. போதாக்குறைக்கு, ஆபீஸ் விட்டு வந்து கட்டிலில் தொப்பென்று சாய்ந்தால் மணிக்கட்டைத் தட்டி, 'பலமா விழுந்துட்டீங்க போலிருக்கே?' என்று விசாரணை வேறு!

'ஃபால் டிடெக்‌ஷன்' என்று இதற்குப் பெயர். விழுந்தால் ஊரைக் கூட்டும் வசதி. 2018-ல் ஆப்பிள் கம்பெனி தன்னுடைய 'சீரீஸ் 4' வாட்ச்சில் இதைக் கொண்டுவந்தது. பிறகு சாம்சங், கூகுள் என்று மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள்.

எண்ணூர், கத்திவாக்கம், எர்ணாவூர் பக்கம் இதற்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது. பையன் காலையில் எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து, கிண்டிக்கோ ஓ.எம்.ஆருக்கோ போய்விடுகிறான். வீட்டில் அறுபத்தைந்து வயது அப்பா தனியாக. முதல் போனஸ் வந்ததும் அவர் கையில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்குக் கிளம்புகிறான். ஆனால், அந்தக் கை எப்பேர்ப்பட்ட கை? நாற்பது வருஷம் தொழிற்சாலையில் சுத்தியல் பிடித்த கை. இல்லையென்றால் வலை இழுத்த கை. ரிடையர் ஆனாலும் சும்மா கிடக்குமா?

"இன்னாடா இது, கையில குறுகுறுங்குது?"

"நீ வுழுந்துட்டியான்னு கேக்குது நைனா."

"நான் எங்கடா வுழுந்தேன்? ஆணி அடிச்சிக்கினு இருக்கேன்!"

"அத்த என்கிட்ட சொல்லாத. அதுகிட்ட சொல்லு."

வட சென்னையில் எத்தனை வீட்டில் வேண்டுமானாலும் நடக்கக்கூடிய சம்பாஷணை இது. நாலு தடவை இப்படி ஆனதும் பெரியவர் என்ன செய்வார்? வாட்ச்சைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். விவகாரம் ஆரம்பிப்பதே அங்கேதான்.

வாட்ச்சுக்கு எப்படித் தெரியும்?

வாட்ச்சுக்குக் கண் கிடையாது. உள்ளே இருப்பது இரண்டு குட்டி சென்சார்கள். ஒன்று, கை எவ்வளவு வேகமாக நகர்கிறது, எங்கே சட்டென்று நிற்கிறது என்று பார்க்கும். இன்னொன்று, கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கும். மனுஷன் தடுக்கி விழும்போது கை ஒரு தினுசாகக் காற்றில் வீசும். அப்புறம் 'டமார்!' அதற்கப்புறம் அமைதி. இந்த மூன்றும் வரிசையாக வந்தால், 'ஆசாமி விழுந்துட்டார்' என்று வாட்ச் முடிவு கட்டுகிறது.

ஆப்பிள் வாட்ச்சை எடுத்துக்கொண்டால், விழுந்தவர் அசைகிறாரா என்று பார்க்கும். அசைந்தால், பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கும். சுமார் ஒரு நிமிஷம் அசைவே இல்லையென்றால், 30 செகண்ட் கவுன்ட் டவுன். மணிக்கட்டில் தட்டும், சத்தம் போடும். அப்போதும் பதில் இல்லையா? அவசர எண்ணுக்கு அதுவே போன் போடும். நம் ஊரில் அது 112. பிறகு, நாம் எழுதிவைத்திருக்கும் உறவுக்காரர்களுக்கு இருக்கிற இடத்தோடு ஒரு மெசேஜ்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஓங்கிச் சுத்தியல் அடிப்பவரின் கையும் வீசும், 'டமார்' கேட்கும். வாலிபாலில் ஸ்மாஷ் அடிப்பவன் கையும் அப்படியே. 'ரொம்பச் சுறுசுறுப்பாக இருப்பவர்களுக்குப் பொய் அலாரம் வர வாய்ப்பு அதிகம்' என்று ஆப்பிள் கம்பெனியே சொல்லிவிட்டது. 55 வயதை எட்டியவர்களுக்கு இந்த வசதி தானாகவே 'ஆன்' ஆகிறது. இளவட்டங்கள் வேண்டுமானால் தாங்களே போட்டுக்கொள்ளலாம். (நல்லவேளை, 'சார்பட்டா பரம்பரை' காலத்தில் இந்த வாட்ச் இல்லை. ஒரு ரவுண்டு முடிவதற்குள் ஏரியாவிலுள்ள ஆம்புலன்ஸ் அத்தனையும் வாசலில் நின்றிருக்கும்!)

ராட்டினத்துக்கும் ஆம்புலன்ஸ்!

வெளிநாட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2022-ல் ஆப்பிள் இன்னொரு வசதியைக் கொண்டுவந்தது. கார் மோதினால் கண்டுபிடித்து, போனும் வாட்ச்சும் தானே உதவிக்கு அழைக்கும். வந்த கொஞ்ச நாளிலேயே அமெரிக்காவில் சின்சினாட்டிக்குப் பக்கத்திலுள்ள 'கிங்ஸ் ஐலண்ட்' பொழுதுபோக்குப் பூங்காவில், ராட்சத ரயில் ராட்டினத்தில் ஏறியவர்களின் போன்கள் போலீஸை அழைத்தன. மேலே உட்கார்ந்தவர்கள் சந்தோஷமாக 'வீல்... வீல்...' என்று கத்த, போனை எடுத்த அதிகாரி என்ன நினைத்திருப்பார், பாவம்!

ஜப்பானில் கணக்கே போட்டுவிட்டார்கள். நாகானோ மலைப்பகுதியின் தீயணைப்புத் துறைக்கு 2022 டிசம்பர் 16 முதல் 2023 ஜனவரி 23 வரை வந்த அவசர அழைப்புகள் 919. அதில் 134 அழைப்புகள் பொய். பெரும்பாலும் பனிச்சறுக்கு விளையாடியவர்களின் போன்கள் அவர்களுக்கே தெரியாமல் செய்த வேலை. அங்கே ஆம்புலன்ஸை அனுப்புவதும் தீயணைப்புத் துறைதான். ஒரு பொய் அழைப்பைச் சரிபார்க்கிற நேரத்தில், நிஜமாகவே நெஞ்சுவலி வந்தவர் லைனில் காத்திருக்கலாம் இல்லையா?

ஒரு சின்னக் கணக்கு

'அப்படின்னா வாட்ச் மட்டமான சரக்கா?' என்றால், அதுதான் இல்லை. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேர் கையில் வாட்ச். மாதம் பத்துப் பேர் நிஜமாகவே பலமாக விழுகிறார்கள். பத்துப் பேரையும் வாட்ச் கண்டுபிடித்துவிடுகிறது. சபாஷ்! ஆனால், ஒவ்வொரு வாட்ச்சும் பத்து மாதத்துக்கு ஒரே ஒரு தடவை தப்பாகக் கத்துகிறது. பத்து மாதத்துக்கு ஒரு தப்பு என்பது பெரிய குற்றமா? நாமெல்லாம் ஆபீஸில் மணிக்கு ஒன்று செய்கிறோம்!

இப்போது கூட்டிப் பாருங்கள். மாதத்துக்கு ஆயிரம் பொய், பத்து நிஜம். நூறு அலாரத்தில் தொண்ணூற்றொன்பது பொய்! காரணம் வாட்ச்சின் மட்டம் அல்ல. நிஜமாக விழுவது என்பது, நல்லவேளையாக, அபூர்வம். அபூர்வமானதைத் தேடுகிற எந்த அலாரத்துக்கும் இந்தத் தலையெழுத்து உண்டு.

'சரி, இன்னும் பலமா விழுந்தாத்தான் கத்தணும்னு மாத்திட வேண்டியதுதானே?' மாற்றலாம். ஆனால், வயசானவர்கள் சினிமா வில்லன் மாதிரி 'தடால்' என்றா விழுகிறார்கள்? பாத்ரூம் சுவரைப் பிடித்தபடி மெதுவாகச் சரிவார்கள். கட்டில் ஓரத்திலிருந்து வழுக்கி உட்காருவார்கள். பொய் அலாரத்தைக் குறைக்கப்போய் அந்த நிஜங்களைத் தவறவிட்டால் என்ன பிரயோஜனம்? இப்போதே எல்லா விழுதலையும் வாட்ச்சால் கண்டுபிடிக்க முடியாது.

பல சமயம் விழுந்ததைவிட, விழுந்து கிடந்ததுதான் ஆபத்து. இடுப்பெலும்பு முறிந்து மணிக்கணக்கில் தரையில் கிடந்தால் உடம்பில் நீர் வற்றும், தசை நசுங்கிச் சிதையும், சிறுநீரகம்கூடப் பழுதாகலாம். காலையில் விழுந்தவரை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும் பையன்தான் பார்ப்பது என்றால்... யோசித்துப் பாருங்கள்.

நம் கடற்கரைக்குத் தெரியும்

பொய் அலாரம் என்றால் என்னவென்று எண்ணூர்க் கடற்கரைக்கு வாட்ச் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர்கள் போயின. நாலே நாள் கழித்து, டிசம்பர் 30-ஆம் தேதி, மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்து ஓர் எச்சரிக்கை: மறுபடி சுனாமி வரலாம்! கடற்கரை ஜனம் குழந்தை குட்டியோடு ஓடியது. நிவாரண வேலை செய்ய வந்தவர்களும் ஓடினார்கள். கடைசியில் பார்த்தால், அமெரிக்காவிலுள்ள ஒரு தனியார் கம்பெனி சொன்ன ஆரூடம் அது! அறிவியல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த கபில் சிபல், அதெல்லாம் ஆதாரமில்லாத கதை என்று மறுத்தார்.

அதற்குப் பிறகு, 2007-ல் ஐதராபாத்தில் முறையான சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி சுமத்ரா பக்கத்தில் 8.6 அளவுக்கு பூகம்பம். உடனே எச்சரிக்கை. சென்னையில் ஆபீஸ்கள் காலி, துறைமுகத்தில் வேலை நிறுத்தம். சாயங்காலம், 'ஆபத்து இல்லை' என்று அறிவித்தார்கள். கடலடித் தட்டுகள் மேலும் கீழுமாக எழும்பாமல் பக்கவாட்டில் உராய்ந்ததால் பெரிய அலை எழவில்லை. இதுவும் 'பலிக்காத' அலாரம்தான். ஆனால், அன்றைக்கு ஓடியவர்கள் முட்டாள்களா? ஆரூடத்தை நம்பி ஓடுவதும், அளந்து பார்த்துச் சொன்னதை நம்பி ஓடுவதும் ஒன்றல்ல.

அலாரமே அடிக்காவிட்டால்? அதையும் எண்ணூர் பார்த்துவிட்டது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. பெரியகுப்பம் கடலோரம், கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்களை எழுப்பியது மூக்கைத் துளைத்த நாற்றமும் கண் எரிச்சலும்தான். ஒருவரையொருவர் கதவைத் தட்டி எழுப்பி, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த ராத்திரி மூச்சுத் திணறியவரிடம் போய், 'பத்துப் பொய் அலாரம் அடிச்சிருந்தா பரவாயில்லையா?' என்று கேட்டுப் பாருங்கள். 'நூறு அடிச்சிருக்கலாமே சார்' என்பார்.

கடலில் ஒரு பட்டன்

அப்படியானால் பொய் அலாரத்தோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துவது? வழி கடல்காரர்களிடம் இருக்கிறது. ஆழ்கடலுக்குப் போகும் படகுகளுக்காக இஸ்ரோ ஒரு கருவி செய்து கொடுத்திருக்கிறது. 2010-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. படகு மூழ்குகிறதா, தீப்பிடித்ததா, உடம்பு சரியில்லையா... பட்டனை அமுக்கினால் சிக்னல் செயற்கைக்கோள் வழியாகப் போய், கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்தில் மணி அடிக்கும். உலகம் பூராவும் இந்த மாதிரிக் கருவிகளிலிருந்து வரும் சிக்னல்களில் பெரும்பாலானவை, கைபட்டோ பராமரிப்புக் குறைவாலோ வருகிற பொய்கள்தான். அதற்காக 'சும்மாதான் இருக்கும்' என்று யாரும் காபி குடிக்கப் போவதில்லை. கரையிலுள்ள சொந்தக்காரருக்குப் போன் போடுவார்கள், பக்கத்துப் படகை விசாரிப்பார்கள். பொய் என்று நிரூபணம் ஆகிறவரை அது நிஜம்!

பழைய கருவியில் ஒரு குறை. அமுக்கியவருக்கு, தன் குரல் கரையில் கேட்டதா என்று தெரியாது. 2024-ல் இஸ்ரோ கொண்டுவந்த புதுக் கருவி, 'உங்கள் அழைப்பு கிடைத்தது' என்று படகுக்கே பதில் அனுப்புகிறது. நடுக்கடலில் தத்தளிப்பவனுக்கு அந்த ஒரு பதில் போதும், பாதி உயிர் திரும்பிவிடும்.

வாங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை

* பெட்டியைப் பிரித்ததும் பிறந்த தேதியையும் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்களையும் சரியாகப் போடுங்கள். ஒரு நம்பராவது பக்கத்துத் தெருவில் இருப்பவருடையதாக இருக்கட்டும். நீங்கள் ஓ.எம்.ஆரிலிருந்து வருவதற்குள் அவர் நாலு தடவை போய்வந்துவிடுவார்!

* விலை குறைந்த வாட்ச்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது. கடைக்காரர் தலையாட்டினால் போதாது, செட்டிங்கில் காட்டச் சொல்லுங்கள். சிம் வசதி இல்லாத வாட்ச் என்றால், பக்கத்தில் போன் இருந்தால்தான் அழைப்பு போகும்.

* வாட்ச் கேள்வி கேட்டால் எந்த இடத்தைத் தொட்டு 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்வது என அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நாலு தடவை காட்டிக்கொடுங்கள். எரிந்து விழாமல்!

* தவறுதலாக 112-க்கு அழைப்பு போய்விட்டால் பதறிப்போய்க் கட் பண்ணாதீர்கள். பேசாமல் வைத்தால், அவர்கள் மறுபடி உங்களைத் தேடவேண்டிவரும். 'தப்பா வந்திடுச்சு சார், யாரும் விழலை' என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

ஐந்தாவதாக ஒன்று. இது வாட்ச்சுக்கு இல்லை, உங்களுக்கு. மீட்டிங்கில் இருக்கும்போது அப்பாவின் வாட்ச்சிலிருந்து மெசேஜ் வருகிறது. இதற்கு முன் வந்த பத்தும் பொய். மேனேஜர் முறைக்கிறார். என்ன செய்வீர்கள்?

எழுந்து வெளியே வந்து போன் போடுங்கள். எடுத்து, "ஒண்ணுமில்லடா, ஆணி அடிச்சேன்" என்றால், ஒரு நிமிஷம் நஷ்டம். எடுக்கவில்லையென்றால், பக்கத்துத் தெரு நம்பரைக் கூப்பிடுங்கள்.