விலக்கும் கடமையும்: யூத சமயத்தில் ஊனமுற்றோர் நிலை

ஊனமுற்றோரைச் சமயக் கடமைகளினின்று விடுவிப்பதே அவர்களுக்குக் காட்டும் இரக்கம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். யூத சமய வரலாறு இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. செவிடரை நிந்திப்பதையும், குருடர் வழியில் தடை வைப்பதையும் லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. ஆயினும், தீங்கு செய்யாதிருத்தல் வேறு. சமூகத்தில் உரிய இடமளித்தல் வேறு.

யூதருக்குக் கட்டளை என்பது வெறும் சுமையன்று. உடன்படிக்கையில் தமக்குள்ள பங்கின் அடையாளமாகும். கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியாவில் விளங்கிய ரபீ யோசேப்பு பார்வையற்றவர். பார்வையற்றோர் கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவரல்லர் என்பது ரபீ யூதாவின் கருத்து. கடமையின்றித் தாமாகவே அவற்றைக் கைக்கொள்வது தமக்குச் சிறப்பு என யோசேப்பு முதலில் மகிழ்ந்தார். பின்னர், கட்டளை பெற்றுச் செய்பவனே மேலானவன் என்னும் போதனையைக் கேட்டார். அதன்பின், யூதாவின் கருத்து செல்லாது என்று எவரேனும் தமக்கு அறிவித்தால் அறிஞர்களுக்கு விருந்தளிப்பதாகக் கூறினார் என்று தல்மூத் உரைக்கிறது. விலக்கு அவருக்கு ஆறுதலாக இல்லை.

கேளாமலும் பேசாமலும் இருந்தோரின் நிலை இதனினும் கடினமானது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, அவர்களைச் சித்தசுவாதீனமற்றோருடனும் சிறுபிள்ளைகளுடனும் ஒரே வரிசையில் வைத்தது. பேச்சில்லாதவருக்குப் போதிக்க இயலாது, ஆகவே பகுத்தறியும் ஆற்றலும் அவரிடம் இல்லை என்பதே இதன் அடிப்படை. அவர்கள் சாட்சி கூறவோ, பிறர் சார்பாகச் சமயக் கடமையை நிறைவேற்றவோ இயலாதவராயினர்.

இவ்வடிப்படையை அசைத்தது கல்வியே. 1844-இல் மொராவியாவின் நிக்கோல்ஸ்பர்க் நகரில் தோன்றி, 1852-இல் வியன்னாவுக்கு மாற்றப்பட்ட யூதக் காதுகேளாதோர் பள்ளி இதற்குச் சான்று. பிரஸ்பர்க் நகர ரபீ சிம்கா புனிம் சோபர் அங்குச் சென்று, மாணவரின் அறிவைக் கண்டு வியந்தார். அவர்கள் காப்புநாடா அணிந்து கட்டளைகளைக் கைக்கொள்ள வேண்டும் என எழுதினார். எனினும், பழைய தீர்ப்பை முற்றிலும் நீக்க அவர் துணியவில்லை.

2011-இல் அமெரிக்காவின் கன்சர்வேடிவ் யூதப் பிரிவைச் சார்ந்த சட்டக்குழு, சைகை மொழியால் உரையாடுவோரை அறிவுக்குறையுடையோராகக் கருதலாகாது எனத் தீர்ப்பளித்தது. அவர்கள் கட்டளைகளுக்குக் கட்டுப்பட்டவர். பொது வழிபாட்டிற்குத் தேவையான பத்துப் பேரில் எண்ணப்படத்தக்கவர். ஆர்த்தடாக்ஸ் யூதரிடையே தீர்ப்புகள் ஒருபடித்தாக இல்லையெனினும், கல்வி பெற்றோரைத் தகுதியுடையோராக ஏற்கும் அறிஞர் அங்கும் உளர்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. முற்காலத்தார் இயலாமை என்று கருதியதில் ஒரு பகுதி உடலில் இருக்கவில்லை. கற்பிக்கும் முறை இல்லாமையில் இருந்தது. அவ்வாறே, தோரா வாசிக்கும் மேடைக்குப் படிகள் மட்டுமே இருக்குமாயின், நடக்க இயலாதவரை வாசிப்பினின்று விலக்குவது அவர் கால்கள் அல்ல, அப்படிகளே. சாய்தளம் அமைப்பது அவருக்கு இருக்கை அளிப்பதற்காக மட்டுமன்று. அவருக்குரிய கடமையை அவரிடமே திரும்ப ஒப்படைப்பதற்காகும்.

நம் சபைகளிலும் ஊனமுற்றோருக்கு உதவி அளிக்கிறோம். அவர்களிடம் எப்பணியை எதிர்பார்க்கிறோம் என்பதே நாம் விடை கூறவேண்டிய வினா.